பழைய மியாட்டாவுக்கு ஒரு ஸ்டியரிங் ரேக்

கார் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். எத்தனை சிசி, எத்தனை குதிரைச்சக்தி, நூறு கிலோமீட்டரைத் தொட எத்தனை விநாடி... ஸ்டியரிங்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அது கையில்தானே இருக்கிறது, அதில் பேச என்ன இருக்கிறது என்று நினைப்போ என்னவோ. எஞ்சின் நின்றுபோனால் கார் ஓரமாய்ப் போய் நிற்கும். ஸ்டியரிங் விட்டுப்போனால் கார் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான்!

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டியரிங் ரேக் மாற்றுவது வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண மெக்கானிக் வேலை. கொஞ்சம் போல்ட், இரண்டு குழாய், ஒரு சனிக்கிழமை. ஆனால் அந்தச் சனிக்கிழமை முடிவதற்குள் ஒரு மனிதர் என்னவெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கிறது.

முதலில் கார். மஸ்டா எம்எக்ஸ்-5 என்று பெயர். அமெரிக்காவில் மியாட்டா என்றார்கள், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள். இரண்டே பேர் உட்காரலாம், கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம், எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் முதலில் காட்டினார்கள். அதன் பின்னணி சுவாரசியமானது. பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார் பத்திரிகையாளர், மஸ்டாவின் கெனிச்சி யமாமோட்டோவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பழைய பிரிட்டிஷ் கார்கள் மாதிரி எளிமையான, இலேசான ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் செய்யுங்களேன் என்று யோசனை சொன்னார். பிறகு அவரே மஸ்டாவின் கலிபோர்னியா அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். பிரிட்டிஷ்காரர்களோ அந்த மாதிரிக் கார் செய்வதையே கிட்டத்தட்ட விட்டுவிட்டிருந்தார்கள். எம்ஜி கார்களைச் செய்த அபிங்டன் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது. விட்ட இடத்தை ஜப்பான்காரர் பிடித்துக்கொண்டார். 1962-இல் வந்த லோட்டஸ் எலானை மனதில் வைத்து, அதில் இருந்த எண்ணெய்க் கசிவையும் வயரிங் தொல்லைகளையும் மட்டும் விட்டுவிட்டு, ஒரு காரைச் செய்தார்கள். அமெரிக்காவில் அடிப்படை விலை 13,800 டாலர். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் ஹிரோஷிமாவில் இருந்து வெளியே வந்தது.

திட்டத்தை நடத்திய தோஷிஹிகோ ஹிராய் பிடித்துக்கொண்ட ஒரு வார்த்தை உண்டு. ஜின்பா இத்தாய். குதிரையும் மேலே உட்கார்ந்திருப்பவனும் ஒரே உடம்பாகிவிடுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குதிரையையும் மனிதனையும் சேர்த்து வைப்பது கடிவாளம் அல்லவா? காரில் அந்தக் கடிவாளம்தான் ஸ்டியரிங் ரேக். அது போய்விட்டால் குதிரை வேறு, மனிதன் வேறு.

ஓஹாயோ மாநிலத்தில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான். ஆனால் இவரைப் போல நிறையப் பேர் அங்கே நிஜமாகவே இருக்கிறார்கள், அதனால் பெரிய பொய்யில்லை. தபால் இலாகாவில் வேலை. வயது ஐம்பத்தெட்டு. வீட்டோடு ஒட்டிய கராஜில் 1990-ஆம் வருட மியாட்டா, சிவப்பு, ஐந்து கியர், பவர் ஸ்டியரிங். (அப்போது பவர் ஸ்டியரிங் கூடுதல் பணம் கொடுத்து வாங்க வேண்டிய ஒன்று. அது இல்லாமலும் நிறையக் கார்கள் விற்றன.) பனிக்காலம் முழுக்கப் போர்வை போர்த்தி வைத்து, ஏப்ரலில் எடுப்பார். பனி உருகச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள், அந்த உப்பு பட்டால் இரும்பு அரித்துப் போகும் என்பதால் இந்தப் பாதுகாப்பு. இருந்தாலும் முன்னால் வைத்திருந்தவர்கள் அவ்வளவு கவனமாக இல்லை என்பது அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும்.

ஒரு ஏப்ரலில் காரை எடுத்தபோது, சிமெண்ட் தரையில் சிவப்பாக ஒரு சொட்டு.

துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது. எஞ்சின் ஆயில் என்றால் கறுப்பாக இருக்கும். ரேடியேட்டர் தண்ணீர் அனேகமாகப் பச்சை. பிரேக் ஆயில் தெளிவாக அல்லது இலேசான மஞ்சளாக இருக்கும். சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊற்றும் எண்ணெய். ஆனால் இந்தக் காரில் ஆட்டோமேட்டிக் கியரே இல்லையே! மியாட்டாவில் அதே எண்ணெயைத்தான் பவர் ஸ்டியரிங்குக்கும் ஊற்றுகிறார்கள். ஆக, கசிவது ஸ்டியரிங்.

கசிவு மட்டும் என்றால் அவர் இன்னொரு பாட்டில் வாங்கி ஊற்றிக்கொண்டே ஒரு வருடம் ஓட்டியிருப்பார். எல்லோரும் செய்வதுதான். ஆனால் முன்சக்கரத்தைத் தூக்கி, ஒன்பது மணிக்கும் மூன்று மணிக்கும் கை வைத்து ஆட்டிப் பார்த்தபோது 'டொக்' என்று ஒரு சத்தம். ரேக்கின் இரண்டு முனைகளிலும் அக்கார்டியன் பெட்டி மாதிரி மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மகளைச் சக்கரத்தை ஆட்டச் சொன்னார். உறைக்குள்ளே இருந்துதான் அந்த 'டொக்' வருகிறது. உறையை அமுக்கினால் உள்ளே எண்ணெய் குளுக்கென்கிறது. உள் மூட்டும் தேய்ந்துவிட்டது, ரேக்கின் முனையில் இருக்கும் சீலும் போய்விட்டது.

இந்த இடத்தில் நிறையப் பேர் ஏமாறுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டியரிங் லூசாக இருந்தால் உடனே ரேக் போச்சு என்று முடிவு கட்டிவிடுவது. வெளிமுனையில் இருக்கும் டை ராட் எண்ட் தேய்ந்திருந்தாலும் அதே ஆட்டம்தான். ஸ்டியரிங் தண்டில் இருக்கும் மூட்டு தேய்ந்திருந்தாலும் அதே ஆட்டம்தான். சின்னச் சாமானில் முடிய வேண்டிய வேலைக்குப் பெரிய சாமானை மாற்றிவிட்டு, பிறகும் ஆட்டம் போகவில்லையே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் உண்டு. தலைவலிக்குக் கண்ணாடியை மாற்றிய கதைதான்.

ரேக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒரு நீளமான இரும்புக் கோல், அதில் ஒரு பக்கம் பல் வெட்டியிருக்கும். அதன்மேல் ஒரு சின்னப் பல்சக்கரம், அதாவது பினியன். ஸ்டியரிங்கைச் சுற்றினால் பினியன் சுற்றும், கோல் இடமோ வலமோ நகரும், கோலின் முனைகளில் உள்ள டை ராடுகள் சக்கரங்களைத் திருப்பும். அவ்வளவுதான். 1936-இலேயே சித்ரோன் தன் ட்ராக்ஷன் அவான்ட் காரில் இதை வைத்துவிட்டது. 1948-இல் வந்த மோரிஸ் மைனரிலும் இதுதான். நம் ஊர் அம்பாசிடரிலும் இதே ரேக்தான் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். அம்பாசிடரின் ஸ்டியரிங்குக்கும் ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டியரிங்குக்கும் தத்துவம் ஒன்றே! (அனுபவம் ஒன்றல்ல என்பது வேறு விஷயம்.)

பவர் ஸ்டியரிங் என்றால் இதோடு எண்ணெயின் அழுத்தமும் சேரும். கோலின் நடுவில் ஒரு பிஸ்டன். எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதற்கேற்ற பக்கத்தில் எண்ணெய் அழுத்தித் தள்ளும். எந்தப் பக்கம் என்று முடிவு செய்வது பினியன் தண்டுக்குள் இருக்கும் ஒரு வால்வு. அந்த வால்வை இயக்குவது மெல்லிய ஒரு முறுக்குக் கம்பி. கை ஸ்டியரிங்கைச் சுற்றும்போது சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கும், அந்த இழுபறியில் கம்பி ஒரு துளி முறுக்கிக்கொள்ளும், அந்தத் துளி முறுக்கலில் வால்வு திறக்கும். எவ்வளவு இழுபறியோ அவ்வளவு உதவி. கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1920களிலேயே செய்து காட்டினார். ஆனால் 1951-இல் கிரைஸ்லர் தன் இம்பீரியல் காரில் வைக்கும்வரை சாதாரண ஜனங்களின் கைக்கு வரவில்லை. கால் நூற்றாண்டு காத்திருந்த சாமான்! 2015-இல் வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 காரில் எண்ணெயே கிடையாது, மின்மோட்டார்தான். கசியவும் கசியாது, கராஜில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கவும் முடியாது.

இனி கணக்கு.

அவருக்கு முன்னால் மூன்று வழிகள். பவர் ஸ்டியரிங்கே வேண்டாம் என்று பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ரேக்கின் இரண்டு குழாய் வாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுவது முதல் வழி. மியாட்டாக்காரர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். இலேசான கார், சமாளிக்கலாம். ஆனால் முறைப்படி செய்வதென்றால் ரேக்கைப் பிரித்து, பிஸ்டன் சீலை எடுத்து, அந்த முறுக்குக் கம்பியையும் அசையாமல் பற்றவைக்க வேண்டும். வெறுமனே குழாயை இணைத்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் காற்றையோ மிச்ச எண்ணெயையோ நம் கைதான் தள்ளிக்கொண்டிருக்கும். எப்படிச் செய்தாலும் தேய்ந்த உள் மூட்டு தேய்ந்ததுதான். இரண்டாவது வழி, பவர் இல்லாத மாடலின் ரேக்கைத் தேடிப் பிடிப்பது. அதில் பல் விகிதம் வேறு. பவர் ரேக் சுமார் 15-க்கு 1, சாதா ரேக் சுமார் 18-க்கு 1. அதாவது கொஞ்சம் அதிகம் சுற்ற வேண்டும், பதிலுக்குக் கை வலி குறைவு. மூன்றாவது வழி, பழுதுபார்த்துப் புதுசு மாதிரி ஆக்கிய பவர் ரேக் ஒன்றைக் கடையில் வாங்கி மாட்டுவது.

(ஜப்பானில் மஸ்டாவே 2017-இல் பழைய ரோட்ஸ்டர்களைப் புதுப்பித்துத் தரும் திட்டம் ஒன்றை அறிவித்தது. மடக்குக் கூரை, மரக் கைப்பிடி ஸ்டியரிங், பிரிட்ஜ்ஸ்டோன் டயர் என்று நின்றுபோன சாமான்களை மறுபடி செய்தார்கள். ஓஹாயோ தபால்காரருக்கு அதனால் நேரடி லாபம் ஒன்றும் இல்லை, மனதுக்கு ஒரு தெம்பு.)

காமர்ஸ் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி தோன்றாமல் இருக்காது. முப்பது வருடம் தாண்டிய காரின் புத்தக மதிப்பு என்ன? நேர்கோட்டு முறையில் போட்டாலும் சரி, குறைந்துசெல் மதிப்பு முறையில் போட்டாலும் சரி, ஒன்றும் தேறாது. அதற்கு இவ்வளவு செலவு செய்வது என்ன நியாயம்? ஏற்கெனவே போட்ட பணத்தை நினைத்து மேலும் பணம் போடாதே, போனது போனதுதான் என்பது பாடப்புத்தகம் சொல்வது. இன்னொரு கேள்வியும் உண்டு: இது வருவாய்ச் செலவா, மூலதனச் செலவா? இருந்ததை இருந்தபடி வைக்க ரேக்கை மாற்றினால் வருவாய்ச் செலவு. பவரைப் பிடுங்கிவிட்டு வேறு ரேக் வைத்தால்? காரின் குணமே மாறுகிறதே! தேர்வில் கேட்டால் இரண்டு பக்கம் எழுதலாம் :-)

தபால்காரரின் கணக்கு இது எதுவும் இல்லை. மகளுக்குப் பத்தொன்பது வயது. அந்தக் கோடையில் காரை எடுத்துக்கொண்டு இருநூறு மைல் தள்ளி ஒரு வேலைக்குப் போகப் போகிறாள். சின்ன வயதிலிருந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவள், இப்போது ஓட்டுகிற இருக்கையில். தான் ஓட்டும்போது 'டொக்' என்ற சத்தத்தோடு ஓட்டிவிடலாம். மகளின் கையில் கொடுக்கும்போது முடியாது. இந்தத் தொகையை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்.

பார்சல் வந்ததும் அவர் செய்த முதல் வேலை, வந்த ரேக்கைத் தரையில் வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சீராக ஓடுகிறதா, நடுவில் எங்கேயாவது இறுகுகிறதா, பல் தட்டுகிறதா? பழுதுபார்த்த சாமான் என்றாலே இதைச் செய்துதான் ஆக வேண்டும். வண்டியில் மாட்டிய பிறகு தெரிந்தால் அதே வேலை இரண்டு தடவை. இது நன்றாகத்தான் ஓடியது. மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு.

வெள்ளிக்கிழமை ராத்திரியே எல்லா நட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டார். சனிக்கிழமை காலையில் காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் உட்கார வைத்தார். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே தலையை விடக் கூடாது. ஜாக்கி என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. இதை மறந்து செத்தவர்கள் உண்டு, அதனால் வேடிக்கையாக எழுத வரவில்லை.

சக்கரங்களைக் கழற்றியாயிற்று. டை ராட் முனையில் ஒரு கிரீட நட்டு, அது கழலாமல் இருக்க ஒரு பின். பின்னை நிமிர்த்தி இழுத்தால் பாதியில் ஒடிந்தது. ஓஹாயோ உப்பு! நட்டைக் கழற்றியும் முனை வரவில்லை. கூம்பு வடிவத் தண்டு கூம்பு ஓட்டையில் வருடக்கணக்காக இறுகி உட்கார்ந்திருக்கிறது. தண்டை மேலிருந்து அடித்தால் மரை கெட்டுவிடும். அடிக்க வேண்டியது தண்டை அல்ல, அது உட்கார்ந்திருக்கும் காதின் பக்கவாட்டில். சுத்தியலால் இரண்டு, மூன்று, நான்கு... ஐந்தாவது அடியில் 'பட்' என்று விட்டது. அந்தச் சத்தத்தில் இருக்கும் சந்தோஷம் பத்தாம் வகுப்புக் கணக்கில் விடை சரியாக வந்த சந்தோஷத்துக்குச் சமம்.

பிறகு டை ராட் முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். புது ரேக்கில் அதே எண்ணிக்கையில் ஏற்றினால் சக்கரங்கள் ஏறத்தாழப் பழைய கோணத்துக்கு வரும். எண்ணும் வேலை மகளுக்கு.

"பத்தொன்பது" என்றார் அவர்.

"இருபதுப்பா."

"பத்தொன்பதுதான். நான்தானே சுத்தினேன்."

"நான்தானே எண்ணினேன். நீங்க நடுவுல சுத்தியலைத் தேடினீங்க, அப்ப ஒண்ணு விட்டுட்டீங்க."

கடைசியில் சாக்பீஸ் குறியைப் பார்த்தார்கள். இருபதுதான். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தார்.

இனி வருவது சின்ன வேலை, ஆனால் தெரியாதவர்கள் மாட்டிக்கொள்ளும் வேலை. ரேக்கைத் தண்டிலிருந்து பிரித்ததும் உள்ளே ஸ்டியரிங் சக்கரத்துக்குத் தடையே இல்லை. எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றும். அமெரிக்காவில் விற்ற மியாட்டாவில் ஆரம்பத்திலிருந்தே ஓட்டுநர் பக்கம் ஏர்பேக் உண்டு. அதற்குப் போகும் மின்நாடா ஸ்டியரிங்குக்குக் கீழே கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கிடக்கிறது. சக்கரம் இஷ்டத்துக்குச் சுற்றினால் அந்த நாடா அறுந்துவிடும், ஏர்பேக் வேலை செய்யாது. சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்தான். இருந்தாலும் சந்தேகத்துக்கு சீட் பெல்ட்டை இழுத்து ஸ்டியரிங்கில் சுற்றிக் கட்டினார். சக்கரம் நேராக இருக்கும்போதே கட்டினார் என்பது முக்கியம்.

தண்டும் பினியனும் சேருமிடத்தில் ஒரே ஒரு போல்ட். அதைக் கழற்றி, இரண்டு எண்ணெய்க் குழாய்களைக் குழாய் நட்டுக்கென்றே உள்ள ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பிக் கழற்றினார். (சாதா ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கும். மழுங்கினால் அன்றைய பொழுது போச்சு.) சிவப்பு எண்ணெய் தட்டில் விழுந்தது பாதி, முழங்கையில் வழிந்தது மீதி. ரேக்கைக் குறுக்குச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரண்டு இரும்புப் பிடிகளைக் கழற்றியதும், அத்தனை வருடம் அசையாமல் கிடந்தது கையோடு வந்துவிட்டது. பத்து நிமிடம் பழையதையும் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம், துளை, குழாய் வாய் எல்லாம் ஒன்றுதானா என்று பார்த்தார். ஒன்றுதான்.

மாட்டுவது கழற்றுவதன் தலைகீழ் என்று எல்லாக் கையேடுகளிலும் ஒரு வரி போட்டிருப்பார்கள். எழுதியவர் ஒரு நாளும் மாட்டியிருக்க மாட்டார் என்று தோன்றும். புது ரேக்கை முதலில் சரிபாதிக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கோடிக்குச் சுற்றி, அங்கிருந்து மறுகோடிக்கு எத்தனை சுற்று என்று பார்த்து, அதில் பாதி திரும்பி வருவது. பாதியில் இல்லாமல் மாட்டினால் கார் ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் திரும்பாது.

அடுத்து அந்த ஒரே ஒரு போல்ட். முழு வேலையின் உயிர் இதில் இருக்கிறது. பினியன் தண்டில் வரிப்பற்கள், அதன் குறுக்கே ஒரு பள்ளம். மூட்டைத் தண்டின்மேல் சரியான ஆழத்துக்கு இறக்கினால்தான் போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியே போகும். போல்ட் தண்டை இறுக்கிப் பிடிப்பதோடு, அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து தண்டு உருவி வராமலும் தடுக்கிறது. ஆழம் போதாமல், பள்ளத்தைத் தொடாமல் போல்டை மாட்டினாலும் இறுகும். கையில் ஆட்டிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. தெருமுனை வரை ஓட்டினாலும் தெரியாது. என்றைக்கோ ஒரு நாள், ஒரு வளைவில், ஒரு குழியில் இறங்கி ஏறும்போது உருவிக்கொண்டு வந்தால்... ஸ்டியரிங் மட்டும் கையில் இருக்கும்.

அவர் போல்டை மாட்டினார். டார்க் ரென்ச்சால் கையேடு சொன்ன அளவுக்கு இறுக்கினார். வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, கழற்றிவிட்டார். மகளைக் கூப்பிட்டு டார்ச்சைக் கையில் கொடுத்து, உள்ளே பார்க்கச் சொன்னார். போல்ட் ஓட்டை வழியாகப் பார்த்தால் பள்ளம் தெரிகிறதா என்று. தெரிகிறது என்றாள். மறுபடி அவள் கையாலேயே மாட்டி, அவள் கையாலேயே ரென்ச் 'க்ளிக்' என்னும்வரை இறுக்க வைத்தார். அவளுக்கு எதற்கு இந்தச் சடங்கு என்று அப்போது புரிந்ததா தெரியாது. கேட்கவில்லை.

பழைய பின்களைக் குப்பையில் போட்டுப் புதுப் பின்கள். கிரீட நட்டின் வெட்டு பின் ஓட்டைக்கு நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. எண்ணெய் ஊற்றி, சக்கரங்கள் தரையைத் தொடாத நிலையிலேயே, எஞ்சினைக் கிளப்பாமல், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பினாள் மகள். அவர் எண்ணெய்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். குமிழி குமிழியாகக் காற்று வந்தது. குமிழி நிற்கும்வரை திருப்பி, எண்ணெய் குறையக் குறைய ஊற்றி, அப்புறம்தான் எஞ்சின். பம்பு கொஞ்ச நேரம் முனகிவிட்டு அடங்கியது.

இருபது சுற்று எண்ணி ஏற்றியாயிற்றே, அது போதாதா என்றால் போதாது. வந்த ரேக்கின் உள் மூட்டுகள் பழையதன் நீளத்துக்கு மயிரிழை பிசகாமல் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஒரு முன்சக்கரம் ஒரே ஒரு டிகிரி கோணலாக நின்றால் என்ன ஆகும்? சின்னக் கணக்குத்தான். கார் ஒரு கிலோமீட்டர் நேராக ஓடினால் அந்தச் சக்கரம் கிட்டத்தட்ட 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். டயர் அழிரப்பர் மாதிரி கரையும். ஆகவே கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல, காரின் இரண்டு பக்கமும் நூல் கட்டி, சக்கரத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, டை ராடைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி ஓரளவு சரி செய்தார். அலைன்மென்ட் கடைக்கு ஓட்டிப் போகும் அளவுக்குச் சரி. மிச்சம் திங்கட்கிழமை அவர்கள் பாடு.

சாயங்காலம் தெருவில் ஒரு சுற்று. முதலில் அவர் தனியாகப் போனார். திரும்பி வந்து நிறுத்தி, கீழே குனிந்து, பெயிண்ட் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். நகரவில்லை. நேரே போகும்போது ஸ்டியரிங் சக்கரம் மட்டும் ஒரு விரல் அளவு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. 'டொக்' இல்லை. சாவியை மகளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அந்த இருக்கையிலிருந்து பார்த்தால் கார் வேறு மாதிரி இருக்கும்போல. காலை அழுத்தி இல்லாத பிரேக்கைத் தேடிக்கொண்டே வந்தார்.

பழைய ரேக் இன்னும் கராஜ் மூலையில், புதியது வந்த அதே அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் கடையில் கட்டிய முன்பணம் திரும்ப வரும். அந்த ஊரில் அதற்குக் கோர் சார்ஜ் என்று பெயர். கோலி சோடா பாட்டிலுக்கு வாங்கும் முன்பணம் மாதிரிதான், காலி பாட்டில் போனால் காசு. இந்த ரேக்கை எங்கேயோ ஒரு பட்டறையில் பிரித்து, கழுவி, புது சீல் போட்டு, மறுபடி பெட்டியில் வைத்து வேறு யாருக்கோ அனுப்புவார்கள். இப்போது காரில் இருப்பதும் அப்படி வந்ததுதான். யாருடைய காரிலிருந்து என்று பெட்டியில் எழுதியிருக்காது. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும் வழியில் கொடுத்துவிடலாம் என்று பெட்டியைத் தூக்கி வாசல் பக்கம் வைத்தபோது, அட்டையின் அடியில் சிவப்பாக ஒரு வட்டம் ஊறியிருந்தது. கீழே பழைய செய்தித்தாள் நாலு தாள் விரித்தாள் மகள்.